உங்களுக்குத் தெரியுமா? குடியை விட்டவர்கள் கூடும் அறை

ஆம்பூரில் பிரியாணிக் கடைக்கு வழி கேட்டால் பத்துப் பேர் கை காட்டுவார்கள். டாஸ்மாக்குக்கு வழி கேட்கவே வேண்டாம், ஷிஃப்ட் விட்டு வருகிற கூட்டத்தின் பின்னால் நடந்தால் போதும். "குடியை விட நினைக்கிறவங்க கூடுற இடம் எங்கே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் ஷாப் இருக்கிற எல்லா ஊரிலும் இதே கதைதான். இந்த வாரத் துணுக்குகள் அந்த இடத்தைப் பற்றி.

● ஷூ கம்பெனியில் 'கட்டிங்' என்பது ஒரு செக்‌ஷன், தோலை அளவு பார்த்து வெட்டுகிற இடம். டாஸ்மாக் வாசலில் 'கட்டிங்' என்றால் குவார்ட்டரில் பாதி. 180 மில்லியை இரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 90. முன்பின் தெரியாதவரிடம் போய், "அண்ணே, கட்டிங் சேர்றீங்களா?" என்று கேட்பதில் நம் ஆட்களுக்குக் கூச்சமே கிடையாது. பேர், ஊர், சாதி எதுவும் கேட்பதில்லை. குடியை விட நினைப்பவர்கள் உலகம் முழுக்க நடத்தும் ஏ.ஏ. கூட்டமும் இப்படி முன்பின் தெரியாத இருவர் சேர்ந்ததில் தொடங்கியதுதான். அங்கே பாட்டில் மட்டும் கிடையாது.

● ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். பேர் வெளியே சொல்லிக்கொள்ளாத குடிநோயாளிகள் என்று வைத்துக்கொள்ளலாம். இது பிறந்த கதையில் ஷூ கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு பேர் வருகிறது: குட்இயர். விலை உயர்ந்த ஷூவில் சோலைத் தைக்கும் 'குட்இயர் வெல்ட்' முறை, ரப்பரைப் பதப்படுத்தக் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயரின் மகன் பேரில் இருக்கிறது. அந்தத் தகப்பனாரின் பேரைத் தன் டயர் கம்பெனிக்கு வைத்து, 1898இல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரத்தில் தொடங்கியவர் ஃபிராங்க் சைபர்லிங். நமக்குத் தோல் எப்படியோ, ஏக்ரானுக்கு அப்படி ரப்பர். ஊரே அந்த வாடையில்தான் வாழ்ந்தது.

1935 மே மாதம் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர் அங்கே வந்தார். குடித்துக் குடித்தே தொழிலைத் தொலைத்தவர், விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வந்த காரியம் கெட்டுவிட்டது. மேஃபிளவர் ஹோட்டல் கூடத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி, பக்கத்தில் ஊரில் உள்ள தேவாலயங்களின் பட்டியல். தன்னைப் போல இன்னொரு குடிகாரனிடம் பேசினால் ஒழியத் தப்ப முடியாது என்று அவருக்குத் தோன்றியது. பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாருக்குப் போன் போட்டார். அங்கிருந்து கைமாறி, சைபர்லிங்கின் மருமகள் ஹென்ரியெட்டாவிடம் போய்ச் சேர்ந்தது பேச்சு. அந்த அம்மாள் தன் வீட்டுக்கு வரவழைத்த ஆள் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை மருத்துவர், மொடாக்குடியர். "கால் மணி நேரம்தான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்த டாக்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார்.

இதுவரை தனக்கு உபதேசம் செய்தவர்களில் யாருக்கும் குடியைப் பற்றி உடம்பால் தெரியாது, இவருக்குத் தெரியும். அதுதான் டாக்டரை நாற்காலியில் பிடித்து வைத்தது.

● டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10. ஒரு பாட்டில் பீர். அதை வாங்கிக் கொடுத்தவர் பில் வில்சனேதான்! அன்றைக்கு ஓர் அறுவைச் சிகிச்சை இருந்தது, கை நடுங்காமல் இருக்கட்டும் என்று கொடுத்தார். அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

● அந்தக் கை நடுக்கத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "காலையில ஒரு கட்டிங் உள்ளே போனாத்தான் கை நிக்கும்" என்கிறவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால், முதல் நாளிலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் போவது, இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது, ஜன்னி. இது உயிரையே எடுக்கும். "பேய் புடிச்சிருக்கு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள், அதற்குள் நேரம் போய்விடுகிறது. ஏ.ஏ. கூட்டம் மருத்துவமனை அல்ல, அங்கே மாத்திரை கிடையாது. தினம் குடித்துப் பழகியவர் முதலில் மருத்துவரிடம், பிறகு கூட்டத்துக்கு.

● மாலை போட்டு ஒரு மண்டலம் சுத்தமாக இருப்பவரைப் பார்த்திருப்பீர்கள். கோயிலில் கயிறு கட்டியவர், தேவாலயத்தில் சத்தியம் செய்தவர், தர்காவில் வேண்டிக்கொண்டவர் எல்லாரும் நம் தெருவிலேயே உண்டு. 48 நாள் விடத் தெரிந்தவருக்கு விடத் தெரியாது என்று சொல்ல முடியாது. 49ஆம் நாள் சாயங்காலம் யாரிடம் போய் உட்காருவது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. பழைய கூட்டாளிகள் அத்தனை பேரும் கடை வாசலில் இருக்கிறார்கள். கூட்டம் தருகிற முதல் லாபமே, சாயங்காலம் போய் உட்கார வேறு ஓர் இடம்.

● குடித்தால் வாந்தி வரவைக்கும் மாத்திரை இருக்கிறதல்லவா, டைசல்ஃபிராம்? அது ரப்பர் தொழிற்சாலையிலிருந்து வந்த சரக்கு. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் அந்த வகை ரசாயனத்தோடு புழங்கிய தொழிலாளர்கள், சாயங்காலம் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்துத் தவித்தார்கள். 1937இலேயே ஒரு தொழிற்சாலை மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். 1940களின் கடைசியில் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் இதைக் குடிநோய் மருந்தாக்கினார்கள். நம் ஊரில் மனைவிமார் சிலர் இதைக் குழம்பில் கலந்து கொடுப்பதாகக் கேள்வி. வேண்டாம் அம்மா! தெரியாமல் சாப்பிட்டுவிட்டு அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லி, அவர் சம்மதித்து, தெரிந்தே சாப்பிட வேண்டிய மாத்திரை அது.

● ஒரு குவார்ட்டரில் 42.8 சதவீதம் சாராயம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். ராத்திரி பத்து மணிக்கு இரண்டு குவார்ட்டர் முடித்தவர், காலை எட்டு மணிக்குத் தோல் ஷாப்பில் ஃப்ளெஷிங் மெஷின் முன்னால் நிற்கும்போது, குளித்திருப்பார், டிபன் சாப்பிட்டிருப்பார், ஆனால் போதை முழுதும் இறங்கியிருக்காது.

● டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார்.

● "நாலு பேர் உட்கார்ந்து பேசினா குடி போயிடுமா?" நியாயமான கேள்வி, ஆராய்ச்சியாளர்களும் கேட்டார்கள். 27 ஆய்வுகள், 10,565 பேர். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2020இல் வந்தது. அடியோடு விட்டுத் தொடர்ந்து இருப்பதில், ஏ.ஏ.வும் அதில் சேர்த்துவிடும் முறைப்படியான சிகிச்சையும் மற்ற மனநலச் சிகிச்சை முறைகளைவிட மேலாகவே இருந்தன என்று முடிவு சொன்னது. எல்லாருக்கும் பலிக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒருவருக்குக் கூட்டம், இன்னொருவருக்கு மாத்திரை, பலருக்கு இரண்டும்.

● கூட்டத்தில் என்னதான் நடக்கும்? பயந்துகொண்டு போகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக.

ஒரு பள்ளி அறை, தேவாலயத்தின் பக்கத்துக் கூடம், மருத்துவமனையில் ஓர் ஓரம், இந்த மாதிரி இடத்தில்தான் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள். டீ வரும், பிஸ்கட் வரும். பதிவேடு கிடையாது, ஆதார் கேட்க மாட்டார்கள், கட்டணம் இல்லை. அன்றைக்கு ஒருவர் தலைமை ஏற்பார், அவரும் குடியை விட்டவர்தான், டாக்டரோ அதிகாரியோ அல்ல. சிறிது நேரம் மௌனம், ஏதாவது ஒரு பகுதி வாசிப்பு. பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவது வழக்கம். ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் பேசுவதில்லை. அறிவுரை இல்லை, திட்டு இல்லை, "நீ ஏன் அப்படிச் செஞ்சே?" இல்லை. பெண்டாட்டியின் தாலியை அடகு வைத்தது, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸைக் குடித்தது எல்லாம் அங்கே வெளியே வரும். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். அவர்களும் அதைச் செய்தவர்கள்.

புதிதாகப் போகிறவர் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. "இன்னைக்குக் கேக்கத்தான் வந்தேன்" என்றால் விட்டுவிடுவார்கள். ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனால் ஒன்றரை. கிளம்பும்போது யாராவது ஒருவர் தன் செல் நம்பரை எழுதிக் கொடுப்பார். என்னைக் கேட்டால், அந்தக் காகிதத் துண்டுதான் கூட்டத்தின் சாரமே. குடிக்கத் தோன்றுகிற நேரத்தில் கூப்பிடுவதற்கு ஒரு நம்பர். பில் வில்சன் ஹோட்டல் கூடத்தில் தேடியதும் அதைத்தான்.

● திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு உண்டு. திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், மருத்துவ மாணவர் யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை விட நினைப்பவருக்கு மட்டும். சேர ஒரே தகுதி, விட வேண்டும் என்ற எண்ணம். விட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

● "சாமி பேரைச் சொல்லிப் பஜனை பண்ணுவாங்களாமே?" என்று கறுப்புச் சட்டை நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். குடியை விட ஏ.ஏ. சொல்லும் 12 படிகளில் கடவுள் வருகிறார், உண்மைதான். ஆனால் 1939இல் அந்தப் படிகள் அடங்கிய ஏ.ஏ. புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பே, கடவுள் நம்பிக்கை இல்லாத ஆரம்ப உறுப்பினர்கள் சண்டை பிடித்து, 'நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்று எழுத வைத்தார்கள். வாணியம்பாடி பாய்க்கும், லூத்தரன் சபைக்காரருக்கும், முனீஸ்வரன் பக்தருக்கும், ஒன்றையும் கும்பிடாதவருக்கும் ஒரே வட்டத்தில் நாற்காலி போட முடிவது அந்த ஒரு சொற்றொடரால்தான். மார்க்கம் தடுத்த பொருளைத் தொட்டுவிட்டோமே என்று யாரிடமும் சொல்ல முடியாமல் புழுங்குகிறவருக்கு, பேர் கேட்காத அறை இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

● சரி, கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அந்த ஊரில் ஏ.ஏ. தொடங்கியது 1957இல். அவர்களுடைய இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்கள் இருக்கும். இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எங்கே என்று கேட்டு நேரே போகலாம். பக்கத்தில் கூட்டம் எங்கே நடக்கிறது என்று அங்கேயே விசாரியுங்கள். தமிழில் இணையவழிக் கூட்டமும் உண்டு, ஊரடங்குக் காலத்தில் பெருகிய வழக்கம். காதில் ஹெட்போன், கேமராவை மூடிவிட்டால் முகமும் தெரியாது.

"எங்க ஊர்ல போனா எங்க மேஸ்திரியே உக்காந்திருப்பாரு" என்பவருக்கு ஒரு யோசனை. வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி எல்லாம் ஒரே ரயில் பாதை. அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போவது ஏ.ஏ.வில் சர்வசாதாரணம். அப்புறம், மேஸ்திரி அங்கே உட்கார்ந்திருந்தால் அவரும் அதே காரியத்துக்குத்தான் வந்திருக்கிறார். அவர் எங்கே போய்ச் சொல்வார்?

● 2019 நவம்பர் 28இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். பழைய ஞாபகத்தில் எல்லாவற்றுக்கும் வேலூருக்கு பஸ் ஏறுகிறவர்கள், மாவட்ட மனநலத் திட்டம் திருப்பத்தூருக்கும் உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

● வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. 1950களிலேயே தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் தங்குவது அங்கே ஆரம்பத்திலிருந்தே வழக்கம். வெளிநாட்டில் மனநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்துவைத்த காலத்தில் இங்கே அப்படி ஓர் ஏற்பாடு!

● சென்னை இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். கணவர் குடியால் இளம் வயதிலேயே இறந்தார். அடுத்த ஆண்டே, 1980இல், கணவர் பேரிலான அறக்கட்டளையின் கீழ் குடிநோய்ச் சிகிச்சை ஆரம்பமாயிற்று. 1989இல் தஞ்சைப் பக்கம் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் போட்டார்கள். 15 நாள், ஊரிலேயே சிகிச்சை. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ. நம் தோல் ஷாப் ஊர்களில் இப்படி ஒரு முகாம் நடத்த முதலாளிகள் சங்கம் நினைத்தால் ஒரு மாதம் போதும்.

● "நாலு பேர் வந்து தூக்கிட்டுப் போய், அடிச்சுத் திருத்திடுவாங்க" என்று விளம்பரமாகிற 'மறுவாழ்வு இல்லங்கள்' பற்றி: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, குடியால் வரும் மனநிலைக் கோளாறும் மனநோயில் அடங்கும். இப்படி ஆளைச் சேர்த்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பணம் கட்டும் முன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். முகம் மாறினால் திரும்பி வந்துவிடுங்கள்.

● குடிப்பவர் வராவிட்டாலும் மனைவி போகலாம், வேறொரு கூட்டத்துக்கு. அதன் பேர் அல்-அனான். பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் அமைத்தது. ஏ.ஏ. கூட்டத்துக்குக் கணவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே காத்திருந்த பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் முளைத்தது. பிள்ளைகளுக்கு அலட்டீன், 1957 முதல். நம் ஷூ கம்பெனிகளில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால், பாதி அல்-அனான் அங்கேயே நடந்துகொண்டிருப்பது தெரியும்.

● இந்தியாவிலேயே முதலில் மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1, ராஜாஜி ஆட்சியில். 1939இல் அது வட ஆர்க்காட்டுக்கும் வந்தது, அதாவது நமக்கு. அதற்கும் முன்னால் 1929இல் ராஜாஜி மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார், உதவிக்கு இருந்தவர் கல்கி. பிறகு விலக்கு வந்தது, போனது, மறுபடி வந்தது. 2003 நவம்பர் முதல் சில்லறை மதுக்கடையையும் டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது. கடை மூடுமா திறக்குமா என்பது கோட்டையில் முடிவாகிற விஷயம். அதுவரை கூட்டத்துக்குப் போகாமல் காத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

● டாஸ்மாக் கடை மதியம் 12 முதல் இரவு 10 வரை. காந்தி ஜெயந்தி, மே தினம் போன்ற சில நாட்கள் விடுமுறை. ஏ.ஏ. காரர்களுக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது, தீபாவளியன்றும் பொங்கலன்றும் கூடுவார்கள். அன்றைக்குத்தான் ஆள் தடுமாறுவான் என்று அவர்களுக்குத் தெரியும்.

● ராக்ஃபெல்லரிடம் பணம் கேட்டுப் போனார்கள் ஏ.ஏ.வின் ஆரம்பகாலத்தார். உலகப் பணக்காரர் வீட்டுப் பிள்ளை, அள்ளிக் கொடுப்பார் என்று எதிர்பார்ப்பு. "பணம் இதைக் கெடுத்துவிடும்" என்று சொல்லி 5,000 டாலர் மட்டும் கொடுத்தார். அப்போது வருத்தம், பிறகு அதையே விதியாக்கிக்கொண்டார்கள்: வெளியாள் நன்கொடை வேண்டாம். கூட்ட முடிவில் ஒரு பை சுற்றி வரும், உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள். டீ, பிஸ்கட், அறை வாடகை எல்லாம் அதிலிருந்துதான். புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை.

● ஒரு குழு தொடங்க எத்தனை பேர் வேண்டும்? இரண்டு பேர். 1935இல் இருந்ததும் அவ்வளவுதான். நம் பக்கத்தில் ஆள் இல்லாமல் இல்லை, அறைதான் கிடைப்பதில்லை. பள்ளித் தாளாளர்களே, சபைக் கமிட்டியாரே, ஜமாத்தாரே, யூனியன் தலைவர்களே: வாரத்தில் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், பத்து நாற்காலி. யாராவது கேட்டு வந்தால் கொடுங்கள். வாடகை வாங்கிக்கொள்ளுங்கள், சும்மா கொடுத்தால் வேண்டாம் என்பார்கள்.